தலையால் நடக்கும் ஆஸ்பத்திரி

எங்கள் காரைக்கால் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி விஷயத்தில் ஒரே ஒரு கோரிக்கைதான் தெரியும். "டாக்டர் போடு!" என்பதே அது. கடைத்தெருவில் கையெழுத்து வேட்டை நடத்துகிறவர்கள் மனுவில் அதைத்தான் எழுதுகிறார்கள். உண்ணாவிரதப் பந்தலில் அதைத்தான் தட்டியில் எழுதி மாட்டுகிறார்கள். ஓட்டுக் கேட்டு வருகிற பெரிய மனிதர்களும், கட்சி வேறுபாடு இல்லாமல், அதையேதான் வாக்களித்துவிட்டுப் போகிறார்கள். இருதய டாக்டர் வரப்போகிறார். நரம்பு டாக்டர் வரப்போகிறார். சிறுநீரக டாக்டர் அடுத்த மாதமே வந்துவிடுவார்!

டாக்டர்கள் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னால் என் வீட்டிலேயே எனக்குச் சாப்பாடு கிடைக்காது. இன்னும் பத்து டாக்டர்கள் வரட்டும். நல்லவர்களாக, நேரத்துக்கு வருகிறவர்களாக வரட்டும். ஆனால் டாக்டர் வந்து உட்கார்ந்துவிட்டால் ஆஸ்பத்திரி நடந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்பிக்கையைத்தான் நான் இங்கே எதிர்க்கிறேன். வெளிநோயாளிகள் பகுதியில் நாம் படுகிற பாட்டில் பெரும்பாதி அந்த நம்பிக்கையால் விளைந்தது என்பது என் கட்சி.

இது அம்மையார் பிறந்த ஊர். கயிலை மலையைக் காலால் மிதிக்கலாகாது என்று காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து ஏறினார் என்பது புராணம். அது பக்தி. வருஷந்தோறும் ஆனி மாதத்தில் மாங்கனியை வாரி இறைத்து அந்தப் பக்தியைக் கொண்டாடுகிறோம். ஆனால் ஆஸ்பத்திரியும் தலையால்தான் நடக்கவேண்டும் என்று யார் விதித்தது? டாக்டர் என்கிற தலையை மட்டும் தேடித் தேடிக் கொண்டுவந்து வைக்கிறோம். கைகளைப் பற்றியும் கால்களைப் பற்றியும் ஒருவரும் பேசுவதில்லை. தலை பாவம், தானே தரையில் உருண்டு உருண்டு நடக்கப் பார்க்கிறது.

ஒரு சாதாரணக் காரியத்தை எடுத்துக்கொள்வோம். நெடுங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சர்க்கரை வியாதிக்காரர் காலை பஸ்ஸில் வெறும் வயிற்றோடு ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சீட்டு எழுதுகிற வரிசை. அப்புறம் ரத்த அழுத்தம் பார்க்கிற வரிசை. அப்புறம் ரத்தம் எடுக்கிற வரிசை. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். முடிவு எழுதி வருகிற வரையில் மரத்தடியில் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு டாக்டர் அறை வாசல். கடைசியில் மருந்து ஜன்னல். அங்கே போய்ச் சேர்கிறபோது பெரும்பாலும் ஜன்னலைச் சாத்துகிற வேளை வந்திருக்கும்.

இவ்வளவு நேரத்தில் டாக்டரின் பங்கு எவ்வளவு? 67 நாடுகளைப் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகை ஒன்று 2017-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. முதல்நிலை வைத்தியத்தில் ஒரு நோயாளிக்கு டாக்டர் கொடுக்கும் நேரம் ஸ்வீடனில் சராசரி 22½ நிமிஷம். பங்களாதேஷில் 48 வினாடி. நம்முடைய இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிஷம். இந்த 2 நிமிஷத்துக்காகத்தான் அவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். டாக்டர்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினாலும் 2 நிமிஷம் 4 நிமிஷம் ஆகும். மற்ற வரிசைகள் அப்படியே நிற்கும். சீட்டு எழுதுகிறவர் ஒருவர், ரத்தம் எடுக்கிறவர் ஒருவர், மருந்து கொடுக்கிறவர் ஒருவர் என்று இருந்தால், டாக்டர் அறைக்குள் நான்கு பேர் உட்கார்ந்திருந்துதான் என்ன பயன்? வாய்க்கால் அகலமாக இருந்து மதகு குறுகலாக இருந்தால் தண்ணீர் எவ்வளவு பாயும் என்று காவிரிக் கடைமடையில் இருக்கிற நமக்குச் சொல்லித் தரவேண்டுமா?

சரி, மதகில் நிற்கிறவர்கள் யார்? ரத்தம் சோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்தாளுநர், கண்ணுக்குக் கண்ணாடி அளவு பார்ப்பவர், என்ன சாப்பிடலாம் என்று சொல்கிற உணவு நிபுணர், மரத்துப்போன கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். இவர்களுக்கு நம் பேச்சில் சரியான பெயர்கூடக் கிடையாது. வெள்ளைச் சட்டை போட்ட ஆணாக இருந்தால் "கம்பவுண்டர்", பெண்ணாக இருந்தால் "சிஸ்டர்." அவ்வளவோடு நம் மரியாதை முடிந்துவிட்டது.

பெயர் இல்லாதவர்களுக்கு அந்தஸ்து மட்டும் எங்கிருந்து வரும்? நர்ஸுகளுக்கு 1947-லும், மருந்தாளுநர்களுக்கு 1948-லும் நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ரத்தம் சோதிப்பவருக்கும் எக்ஸ்ரே எடுப்பவருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் சேர்த்து அகில இந்திய அளவில் ஒரு சட்டம் பிறக்க 2021 ஆயிற்று. மருத்துவம் சார்ந்த தொழில்கள் ஐம்பதுக்கு மேல் அதில் பத்து வகையாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. படிப்புக்கு ஓர் அளவு, பதிவுக்கு ஒரு புத்தகம், தவறு செய்தால் கேட்க ஒரு கவுன்சில் என்று எல்லாம் அந்தச் சட்டத்தில் உண்டு. சட்டம் பிறந்து மூன்று வருஷம் கழித்தும் அது தொட்டிலிலேயே கிடந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய சர்க்காரையும் மாநிலங்களையும் கண்டித்து, இரண்டு மாதத்துக்குள் காரியத்தை நடத்துங்கள் என்று கெடு வைக்கவேண்டியிருந்தது. டாக்டர் இல்லை என்று பந்த் நடத்துகிற நாம், இந்தச் சட்டத்துக்காக ஒரு நாளாவது ஒரு கடையையாவது மூடினோமா?

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு என் பெரியப்பாவின் வலது கையைக் காட்டுவேன். சில வருஷங்களுக்கு முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. டெல்டாவில் ஓர் ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே இருந்த டாக்டர் கெட்டிக்காரர். பெரியப்பாவின் உயிரைக் காப்பாற்றினார். வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் "பிசியோதெரபி" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். நாங்கள் அந்த அறையைத் தேடிக்கொண்டு போனோம். பூட்டியிருந்தது. வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தை நிறுத்தாமலே, "அந்த ரூமுக்கு ஆளே போடலீங்களே ஐயா! மிசினு மட்டுந்தான் உள்ள இருக்கு" என்றாள்.

அடுத்த வாரம் போனோம், பூட்டு. அதற்கடுத்த மாதம் போனோம், அதே பூட்டு. தனியாரிடம் போக, தினம் வண்டிச் சத்தத்துக்கும் கட்டணத்துக்கும் அந்தக் குடும்பத்தில் வசதியில்லை. பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில்தான் கை திரும்பி வருவதற்கு நல்ல வாய்ப்பு. அந்த மாதங்கள் போய்விட்டன. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிவிட்டன. கணக்குப்பிள்ளையாக நாற்பது வருஷம் பேரேடு எழுதிய கை அது. இப்போது பெரியம்மா காபியை ஆற்றி வாயருகே கொண்டுபோனால்தான் குடிக்கிறார். உயிர் பிழைத்தது, கை பிழைக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் ஏட்டில் அவர் "குணமாகி வீடு சென்றார்" என்றுதான் பதிவாகியிருப்பார். டாக்டர் பங்கு முடிந்த இடத்தில் ஆஸ்பத்திரியின் பங்கும் முடிந்துவிட்டது என்று நாம் வைத்திருக்கிற கணக்கு அப்படி.

"அதெல்லாம் சரி, சில்லறை உத்தியோகஸ்தர்களைப் பற்றி இத்தனை பெரிய பேச்சா? நோயைத் தீர்ப்பது டாக்டரின் மூளையல்லவா?" என்று கேட்கிற அன்பர்கள் உண்டு. அவர்களைச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன்.

ஒரு காலத்தில் க்ஷயரோகம் என்றால் சானடோரியம் என்று அர்த்தம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ லட்சோபலட்சம். இந்த நிலைமையில் 1956-ல் சென்னையில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய காரியம் அது. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தாற்போல் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மீதிப்பேரை வீட்டிலேயே இருக்கச் சொல்லி, அதே மாத்திரைகளைக் கொடுத்து ஒரு வருஷம் கவனித்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. நெரிசலான வீட்டில், அரை வயிற்றுச் சாப்பாட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகவே குணமாகியிருந்தார்கள்! வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அந்த ஒரு முடிவால் உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. க்ஷயரோக வைத்தியம் படுக்கையை விட்டு இறங்கி வெளிநோயாளிகள் பகுதிக்கு வந்தது.

இதில் டாக்டர்களின் மூளை இருந்தது வாஸ்தவம். ஆனால் அந்த மூளை எதை நம்பி வேலை செய்தது? நோயாளி மாத்திரை சாப்பிட்டாரா, ஜன்னலுக்கு வெளியே எறிந்தாரா என்று தெரியாவிட்டால் ஆராய்ச்சி முழுவதும் ஆற்றில் கரைத்த புளிதான். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணியவர்கள், சிறுநீரை வாங்கி வந்து அதில் மருந்தின் சுவடு இருக்கிறதா என்று சோதித்தவர்கள், வராதவரைத் தேடிக்கொண்டு சந்து சந்தாக அலைந்தவர்கள் யார்? நர்ஸுகள், சுகாதார ஊழியர்கள், லாபரட்டரிக்காரர்கள். அவர்களுடைய பெயர் ஊருக்குத் தெரியாது. அவர்கள் எண்ணிய மாத்திரைக் கணக்கில்தான் உலகத்து வைத்தியம் திசை மாறிற்று.

இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி எல்லோரும் படித்திருப்போம். கையில் விளக்கோடு ராத்திரியில் சிப்பாய்களின் படுக்கையருகே நடக்கிற படம் போட்டிருக்கும். அந்த அம்மாளின் இன்னொரு கையில் கணக்கு நோட்டு இருந்ததை ஏனோ படத்தில் போடுவதில்லை. கிரிமியா யுத்தத்தில் காயத்தால் செத்த சிப்பாய்களைவிட, தொற்று நோயால் செத்தவர்கள் எத்தனை மடங்கு அதிகம் என்று எண்ணி, அதை வட்டப் படமாக வரைந்து 1858-ல் ராஜாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டியவர் அவர். கருணையும் வேண்டும், கணக்கும் வேண்டும். நாம் நர்ஸிடம் கருணையை மட்டும் கேட்கிறோம். கணக்குப் போடுகிற புத்தியும் அவளுக்கு உண்டு என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

நான் கேட்பதும் அந்தக் கணக்குத்தான். வெளிநோயாளிகள் பகுதியில் ஆராய்ச்சி வேண்டும். அதை அங்கே வேலை செய்கிற கைகளே செய்யவேண்டும்.

"ஆராய்ச்சியா! காரைக்காலிலா!" என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் கோடி ரூபாயும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஓர் உதாரணம் தருகிறேன். 1952-ல் நார்மன் பெய்லி என்ற ஆங்கிலேயக் கணக்கு நிபுணர் ஆஸ்பத்திரி வரிசைகளை ஆராய்ந்தார். யார் எப்போது வருகிறார், டாக்டர் எப்போது உட்காருகிறார், ஒருவருக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எடுத்த விவரங்களை வைத்துக்கொண்டு, காகிதத்தின் மேலேயே வரிசைகளை நடத்திப் பார்த்தார். டாக்டரின் ஒரு நிமிஷம்கூட வீணாகிவிடக் கூடாது என்ற பயத்தால் நோயாளிகளின் மணிக்கணக்கான நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று கண்டார். அவர் சொன்ன பரிகாரமும் எளிமையானது. ஆரம்பத்தில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள்; அதற்குப் பிறகு ஒருவருக்கு ஆகிற சராசரி நேரத்துக்கு ஒருவராக வரச் சொல்லுங்கள்; டாக்டரும் மணிப்படி வந்து உட்காரட்டும். இவ்வளவுதான். எழுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நம் ஊர்களில் இன்னும் காலை 7 மணிக்கே எல்லோரையும் ஒரே சேரக் கூட்டி உட்கார வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் கண்ணெதிரிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் க்ஷயரோகச் சாவைக் குறைக்க ஒரு திட்டம் தொடங்கினார்கள். புதிதாக நோய் கண்ட ஒவ்வொருவரையும் சுகாதார ஊழியர் ஐந்தே விஷயங்களைப் பார்த்து ஒரு தாளில் குறிக்கிறார்: உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எத்தனை தரம் வாங்குகிறது, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஆபத்தான நிலையில் இருப்பவர் அன்றே பிரிக்கப்பட்டு ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் போகிறார். எடை பார்க்கும் யந்திரமும், பிராணவாயுவை அளக்கும் சிறு கருவியும், ஒரு தாளும் பேனாவும் போதும். இவ்வளவு சுலபமான காரியம் இத்தனை காலம் ஏன் நடக்கவில்லை? எடை பார்ப்பதை ஒரு சிறு வேலை என்று நாம் ஒதுக்கிவிட்டதால்தான்.

எங்கள் ஊருக்குத் தலையெழுத்தே வேறுவிதம். 1739-லிருந்து பிரெஞ்சுக்காரன் கையில் இருந்து, 1954 நவம்பர் முதல் தேதி இந்தியாவோடு சேர்ந்த ஊர். சுற்றிலும் தமிழ்நாடு, தலைமைப் பீடமோ 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். வடக்கே பூவத்தைத் தாண்டினால் வேறு சர்க்கார். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் வேறு சர்க்கார். அந்தப் பக்கம் 2021 ஆகஸ்டிலிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" நடக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையைப் பெண் ஊழியர் வீட்டு வாசலில் கொண்டு வந்து கொடுக்கிறார். பக்கவாதக்காரரின் வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் போகிறார். அந்தத் திட்டத்திலும் குறைகள் இருக்கலாம். ஆனால் மாத்திரைக்காக மட்டும் மாதந்தோறும் வரிசையில் நிற்கிறவரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டால், நிஜமாகவே டாக்டரைப் பார்க்க வேண்டியவருக்கு இடம் கிடைக்கும் என்கிற தத்துவம் சரியான தத்துவம். எல்லைக் கோடு நிலத்துக்கு உண்டு; நல்ல யோசனைக்கும் போட்டுவிட வேண்டுமா?

எங்களிடம் வைத்தியக் கல்விக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் வைத்தியப் பள்ளி வைத்தவர்கள். ஜிப்மரின் கிளைக் கல்லூரி 2016 முதல் காரைக்காலில் இருக்கிறது. தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றும் உண்டு. 2011 ஜனக் கணக்குப்படி 2 லட்சம் பேர் உள்ள சிறிய மாவட்டத்தில் டாக்டர்களைத் தயாரிக்கிற கல்லூரிகள் இரண்டு! ஆராய்ச்சிக்கு இதைவிட வசதியான ஊர் எது? ஊர் சின்னது, முகம் தெரிந்த ஜனங்கள், வீடு தேடிப் போனால் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம். பெரிய பட்டணங்களில் காணாமற்போகிற நோயாளி இங்கே திருநள்ளாற்றுக் கடைத்தெருவிலேயே அகப்பட்டுவிடுவார்.

சோதனையும் ஒரு தரம் வந்து போயிற்று. 2022 ஜூலையில் எங்கள் ஊரில் வாந்திபேதி பரவியது. காலரா என்று தெரிந்து, பொதுச் சுகாதார அவசர நிலையே பிரகடனம் செய்தார்கள். காலரா என்று எப்படித் தெரிந்தது? டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் அதைச் சொல்லாது. மலத்தையும் குடிதண்ணீரையும் சோதித்த லாபரட்டரிதான் சொல்லவேண்டும். காலராவில் உயிரைக் காப்பாற்றுகிற உப்புச் சர்க்கரைத் தண்ணீரின் கதையைக் கேட்டால் இன்னும் விளங்கும். 1971-ல் வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹாலானபிஸிடம் நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோயிற்று. அதை ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கலந்த பொட்டலங்களைக் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளியின் தாயாரிடமும் தமக்கையிடமும் கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று. எங்கள் ஊரில் காலரா வந்த அதே 2022-ல், அக்டோபரில், அவர் காலமானார். தலைசிறந்த டாக்டர் யார் என்றால் அவரைத்தான் சொல்வேன். தம் கையில் இருந்த வைத்தியத்தைப் பிறர் கைக்கு மாற்றிக் கொடுக்க அவர் தயங்கவில்லை.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன். "கம்பவுண்டர்களுக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் போலி டாக்டர் ஆகிவிடுவார்கள்" என்பது ஒன்று. போலி டாக்டர் எங்கே முளைக்கிறான்? பதிவும் பரீட்சையும் இல்லாத இடத்தில். அதற்காகவேதான் 2021-ம் வருஷத்துச் சட்டத்தை நிறைவேற்றுங்கள் என்கிறேன். எல்லையை எழுதி வைத்தால்தான் எல்லை மீறியவனைப் பிடிக்க முடியும்.

"ஜனங்கள் டாக்டர் தொட்டுப் பார்த்தால்தான் ஒப்புவார்கள்" என்பது இரண்டாவது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். மூட்டு வாதத்தால் முறுக்கிக்கொண்ட விரல்களோடு கத்தி பிடித்தவர் அவர். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, பார்வை சோதிப்பதிலிருந்து நோயாளியைத் தயார் செய்வது வரை பெரும்பாலான வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தது அந்த ஸ்தாபனம். டாக்டர் தாம் மட்டுமே செய்யக் கூடியதைச் செய்தார். அங்கே ஜனங்கள் ஒப்பாமல் திரும்பிப் போய்விட்டார்களா? அவர்கள் கொடுத்த கண்ணால்தான் இன்று தென்னாட்டில் எத்தனையோ பாட்டிமார்கள் பேரன் முகத்தைப் பார்க்கிறார்கள்.

"பணம் எங்கே?" என்பது மூன்றாவது. புதுக் கட்டடத்துக்குப் பணம் இருக்கிறது. திறப்பு விழாப் பந்தலுக்குப் பணம் இருக்கிறது. பூட்டிய அறைக்குள் யந்திரம் வாங்கி வைக்கப் பணம் இருக்கிறது. யந்திரத்தை இயக்குகிறவருக்குச் சம்பளம் என்றால்தான் கஜானா சாவி தொலைந்துவிடுகிறது. அப்படியே ஆள் போட்டாலும் ஒப்பந்தம், தற்காலிகம் என்று வருஷத்துக்கு வருஷம் தவிக்கவிடுகிறார்கள். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவர் இன்றைக்கு வரிசையைப் பற்றி எப்படிச் சிந்திப்பார்?

ஆகவே நான் கேட்பவை மூன்றே காரியங்கள். முதலாவது, ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் டாக்டர் அல்லாத எத்தனை உத்தியோகங்கள் உண்டு, அவற்றில் எத்தனை காலி என்பதை வெளிநோயாளிகள் பகுதி வாசலில், ரேஷன் கடையில் சரக்கு இருப்பு எழுதி வைப்பதுபோல், பலகையில் எழுதி வையுங்கள். இரண்டாவது, ஆறு வாரத்துக்கு நோயாளியின் சீட்டிலேயே ஒவ்வொரு ஜன்னலிலும் மணியைக் குறித்துக் கொடுங்கள். வந்தது இத்தனை மணி, ரத்தம் கொடுத்தது இத்தனை மணி, டாக்டரைப் பார்த்தது இத்தனை மணி, மருந்து வாங்கியது இத்தனை மணி. அந்தச் சீட்டுகளை அங்கே வேலை செய்கிறவர்களே கூட்டிக் கழித்துப் பார்த்து, எந்த மதகு குறுகல் என்று சொல்லட்டும். மருத்துவக் கல்லூரிகள் அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். மூன்றாவது, அவர்கள் கண்டு சொன்னதை ஒரு வருஷமாவது செய்து பார்த்துவிட்டு, மறுபடி ஆறு வாரம் எண்ணிப் பாருங்கள். இதற்கு டில்லியின் அனுமதி வேண்டாம். ஒரு கடிகாரமும், ஒரு பேனாவும், கொஞ்சம் மனமும் வேண்டும்.

காரைக்கால் மாவட்டத்துக்குச் சட்டசபைத் தொகுதிகள் ஐந்து. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் உங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "இந்தத் தடவை இருதய டாக்டரைக் கொண்டுவந்துவிடுவேன்" என்று சொன்னால், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு மேலே கேளுங்கள்: "அவர் எழுதுகிற சோதனையைச் செய்ய யார் இருக்கிறார்கள்? அவர் எழுதுகிற மருந்தை எடுத்துக் கொடுக்க எத்தனை ஜன்னல்? அவர் பிழைக்க வைத்தவரை எழுந்து நடக்க வைக்க யார்? அந்த அறையின் சாவி யாரிடம்?" பதில் சொல்லாமல் அவரை எழுந்திருக்க விடாதீர்கள்.